வார்சா பழைய நகரச் சதுக்கம் 'டூப்ளிகேட்' என்கிறார்களே, அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

பால்மரக்காடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தம்பி போலந்துக்கு வேலைக்குப் போயிருக்கிறான், வார்சாவில் வாடகை வீட்டில் இருக்கிறான். செப்டம்பர் கடைசியில் அம்மாவும் நானும் அவனைப் பார்க்கப் போகிறோம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அவனுக்கு வேலை நாளில் லீவு கிடைக்காது என்பதால் ஒரு முழு நாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஊர் சுற்ற வேண்டும்.

பழைய நகரச் சதுக்கத்தின் படத்தைத் தம்பி அனுப்பியிருந்தான். மஞ்சள், காவி, பச்சை, ரோஸ் என்று சுற்றிலும் ஒட்டி ஒட்டி நிற்கிற உயரமான வீடுகள், நடுவில் வாளோடு ஒரு கடற்கன்னி சிலை. அம்மா போனை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இந்த வீடுங்களுக்கு யாரு சாயம் அடிச்சது, இவ்வளவு பதமா?" என்று கேட்டார். அதிலிருந்து அங்கேதான் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

நான் வேலை செய்யும் கிளினிக்குக்கு வருகிற ஒருவர் ஐரோப்பா எல்லாம் சுற்றியவர். அவரிடம் சொன்னேன். "அது டூப்ளிகேட்மா. எல்லாமே போருக்கு அப்புறம் கட்டினது. பழசு ஒண்ணுமே இல்லை, போட்டோவுக்குத்தான் அழகு" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். இவ்வளவு தூரம் போய் ஏமாந்து வர வேண்டாமே என்றிருக்கிறது.

அம்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வயது 68. செம்பனை வரும்வரை பால் மரம் வெட்டியவர். முட்டி வலி உண்டு, படி ஏறினால் நின்று நின்றுதான் ஏறுவார். நாங்கள் போவது புரட்டாசியில், அதனால் சைவம். போனவர்கள் யாராவது சொல்லுங்கள்: போகலாமா, வேறு இடம் பார்க்கலாமா?


ஈப்போ வெள்ளைக்காப்பி எழுதியது:

அக்கா, கிளினிக்கில் சொன்னவர் சொன்னது சரி. வார்சா சதுக்கத்துக்கு வயது என் அப்பாவைவிடக் குறைவு. 1953இல் திறந்தார்கள், அப்பா பிறந்தது 1951.

நிஜமான பழைய சதுக்கம் வேண்டுமானால் கிராகோவ் போங்கள். வேக ரயிலில் இரண்டரை மணி நேரம். அங்கே இருக்கிற சதுக்கம் 1257இல் போட்டது, ஒரு பக்கம் மட்டுமே ஏறக்குறைய 200 மீட்டர் வரும். போரில் தப்பிப் பிழைத்த ஊர். மரியன்னை கோயில் கோபுரத்திலிருந்து மணிக்கு ஒருமுறை ஒருவர் எக்காளம் ஊதுவார், பாதியில் பட்டென்று நிறுத்திவிடுவார். அது ஒன்றைக் கேட்கவே போகலாம்.

கலர் கலரான வீடுதான் வேண்டுமென்றால் எங்கள் ஈப்போ பழைய டவுனுக்கு வாருங்கள். சிப்புட்டிலிருந்து இ.டி.எஸ். ரயில் ஏறினால் உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் இறங்கிவிடலாம். பாஸ்போர்ட்டும் வேண்டாம், ஸ்வெட்டரும் வேண்டாம். விளையாட்டுக்குச் சொல்கிறேன். ஆனால் கிராகோவ் விளையாட்டில்லை.


சுண்ணாம்புச்சட்டி எழுதியது:

தங்கச்சிக்கு வணக்கம். நானும் சிப்புட்காரன்தான். இப்போது தாமானில் (வீடமைப்புப் பகுதி) இருந்தாலும் பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். பிழைப்பு முழுக்கச் சாயம் அடிக்கிற காண்ட்ராக்ட். பள்ளிக்கூடம், கோயில், கடை வரிசை என்று இந்த வட்டாரத்தில் என் கை படாத சுவர் குறைவு. மகன் வார்சாவில் இருப்பதால் அந்தச் சதுக்கத்தை நின்று நிதானமாகப் பார்த்திருக்கிறேன். கிளினிக்கில் வந்தவருக்கு நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அம்மா கேட்டாரே, யார் சாயம் அடித்தது என்று, அதற்குத்தான் பதில் சொல்ல ஆசை. இத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள், அந்தக் கேள்வியை யார் கேட்டார்கள்?

முதலில், அது முழுக்கச் சாயம் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ கோலமும் பூவும் வரைந்தமாதிரி இருக்கும். கிட்டே போய்ச் சுவரைத் தடவிப் பாருங்கள் (காவலர் யாரும் விரட்ட மாட்டார்). விரலுக்குப் பள்ளம் தட்டும். அடியில் ஒரு நிறத்தில் காரை பூசி, அது பிடித்ததும் அதன்மேல் வேறு நிறத்தில் மெல்லிசாக இன்னொரு பூச்சு. மேல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கம்பியால் கீறி எடுத்துவிடுவார்கள். எங்கே கீறினார்களோ அங்கே அடி நிறம் வெளியே தெரியும். ஸ்கிராஃபிட்டோ என்று பெயர், இத்தாலிக்காரர் வித்தை. நான் பார்த்த ஒரு சுவரில் கீறலின் ஆழம் நகத்தின் தடிமன்தான் இருந்தது. ஓரம் எங்கும் உடையவில்லை. கீறினவர் கை நடுங்கவில்லை என்று அர்த்தம். காரை இறுகினால் கீற முடியாது, ரொம்ப ஈரமாக இருந்தால் இழுபட்டுப் பிசிறடிக்கும். நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில், சாரத்தின்மேல் நின்றுகொண்டு, கீழிருந்து பார்க்கிறவனுக்குக் கோணாமல் தெரிகிறமாதிரி கீற வேண்டும். சாரத்தில் நின்றவனுக்குத்தான் தெரியும் அது என்ன வேலை என்று.

இதையெல்லாம் செய்தது 1953இல். ஓவியர்கள், சிற்பிகள், காரை வேலைக்காரர்கள் என்று ஒரு பெரிய கூட்டமே சதுக்கத்தின் நான்கு பக்கமும் சாரம் கட்டி ஏறியது. ஜூலை 22ஆம் தேதி திறப்பு விழா. அன்றைக்கு அந்த நாட்டில் அரசாங்க விழா நாள், அதற்குள் முடித்தே ஆக வேண்டும் என்று மேலிடத்து நெருக்கடி. காண்ட்ராக்ட் எடுத்தவர்களுக்கு இந்த மாதிரி தேதி புதுசா என்ன? நம்ம ஊரில் மந்திரி வருகிறார் என்றால் எப்படி அடிப்போம் என்று எனக்குத் தெரியும். அங்கே அவசரத்தில் செய்ததே இன்றைக்கும் ஆள் வந்து அண்ணாந்து பார்க்கிற தரத்தில் இருக்கிறது.

இன்னொன்று. போருக்கு முன்னால் இருந்த அந்த நிறங்களுமே ஆதிகாலத்து நிறங்கள் இல்லை. 1928இல் ஓர் ஓவியர் கூட்டம் சேர்ந்து அந்த வீட்டு முகப்புகளுக்குப் புதிதாக வண்ணம் தீட்டியது. அதற்கு முன்பு அழுக்குப் பிடித்து, ஏழைபாழைகள் ஒரு அறைக்கு ஒரு குடும்பமாக அடைந்து கிடந்த இடம். சந்தை நடந்த மண். நடுவில் இருந்த நகர மண்டபத்தை 1817இலேயே இடித்துவிட்டார்கள். ஆக எந்த வருஷத்துச் சதுக்கம் 'ஒரிஜினல்' என்று அந்தப் பெரியவரைக் கேளுங்கள். சுவர் என்பது அடித்துக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். தெரியாமலா ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்களைக் கூப்பிடுகிறார்கள்?

சரி, ஏன் திரும்பக் கட்டினார்கள் என்பதற்கு வருகிறேன். 1944 ஆகஸ்ட் 1ஆம் தேதி வார்சா மக்கள் ஜெர்மன் படைக்கு எதிராக எழுந்தார்கள். 63 நாள் சண்டை. தோற்றார்கள். சண்டையிலேயே பழைய நகரம் நொறுங்கிவிட்டது. ஆனால் அதோடு விடவில்லை. மிச்சம் இருந்த ஊரைத் தெருத் தெருவாகக் கொளுத்தவும் வெடி வைத்துத் தகர்க்கவும் தனிப் படையே வைத்து வேலை செய்தார்கள். ஊரில் மக்கள் இல்லை, துரத்திவிட்டார்கள். காலி ஊரை உட்கார்ந்து அழித்தார்கள். பழைய நகரத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேல் போயிற்று. சதுக்கத்தில் சில முகப்புச் சுவர்கள் மட்டும் ஓட்டை ஜன்னல்களோடு நின்றன.

இங்கேதான் எனக்குப் பிடித்த சங்கதி வருகிறது. போருக்கு முன்னாலேயே வார்சா பாலிடெக்னிக்கில் கட்டடக் கலை படித்த மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: போய்ப் பழைய வீடுகளை அளந்து வரைந்து வா. டேப்பைப் பிடித்து ஜன்னல் அகலம், படி உயரம், கதவு நிலையின் வளைவு என்று வரைந்து வரைந்து கட்டுக் கட்டாகச் சேர்ந்திருந்தது. போர் நடந்த வருஷங்களிலும் ஒளித்து ஒளித்து வரைந்தார்கள். ஊர் எரிந்த பிறகு, எஞ்சிய ஆசிரியர்கள் அந்தக் கட்டுகளை வெளியே கடத்தி, பியோட்ர்கூஃப் என்கிற ஊரில் ஒரு மடாலயத்தில் மறைத்து வைத்தார்கள். 1945இல் மறுகட்டுமான அலுவலகம் தொடங்கியபோது அந்தக் காகிதம் மேசைக்கு வந்தது. பணம் இருந்தது, இல்லை, அதெல்லாம் அப்புறம். காகிதம் இல்லையென்றால் கொத்தனார் எந்த உயரத்தில் நூல் பிடிப்பார்?

இதைப் படித்துவிட்டு எனக்கு எங்கள் லயம்தான் ஞாபகம் வந்தது. பத்துப் பத்து வீடாக ஒட்டிக் கட்டிய பலகை வீடுகள், தகரக் கூரை. வருஷத்துக்கு ஒரு தடவை சுண்ணாம்பு அடிப்பார்கள், அடியில் முட்டி உயரத்துக்குத் தார். கதவுக்குத் தோட்டத்து ஸ்டோரிலிருந்து வருகிற கரும்பச்சை. நான் பிரஷ் பிடிக்கப் பழகியதே அந்தத் தாரில்தான். கம்பெனி கைமாறிச் செம்பனை நட இடம் வேண்டுமென்றபோது லயம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக்கொட்டகை, கணக்கு எழுதுகிற கிராணியின் வீடு எல்லாவற்றையும் ஜேசிபி வைத்துத் தள்ளினார்கள். கோயில் மட்டும் ரோட்டோரத்துக்குப் போயிற்று. இன்று அந்த இடத்தில் போய் நின்றால் அடையாளத்துக்குப் பம்பு வீட்டுச் சிமெண்டுத் தளம் ஒன்றுதான். எந்த வரிசை எங்கே இருந்தது என்று காட்ட ஒருவரிடமும் ஒரு படம் இல்லை. கல்யாணப் போட்டோக்களில் பின்னால் ஒரு கதவு தெரியும், அவ்வளவுதான்.

அதனால் 'டூப்ளிகேட்' என்ற பேச்சு வந்தாலே எனக்குக் கொஞ்சம் சூடாகிவிடும். உங்கள் அம்மாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அந்தச் சுவரைத் தொடச் சொல்லுங்கள். ஈப்போ தம்பி, கிராகோவ் அழகுதான், நானும் பார்த்தேன். அது தப்பிய ஊர், அதில் அதன் சாமர்த்தியம் எதுவும் இல்லை.


ஈப்போ வெள்ளைக்காப்பி எழுதியது:

ஐயா, கடைசி வரியில் என்னைச் சுவரோடு சேர்த்துக் கீறிவிட்டீர்கள். ஒத்துக்கொள்கிறேன், நீங்கள் சொன்னமாதிரி யாரும் எனக்குச் சொன்னதில்லை. கனலெட்டோ என்ற ஓவியரின் படங்களைப் பார்த்துத்தான் கட்டினார்கள் என்று ஒரு வீடியோவில் கேட்டேன். அவர் ஜன்னலைக் கூட்டிக் குறைத்து அழகுக்கு வரைந்திருந்தால் அதையும் அப்படியே கட்டியிருப்பார்களே? அப்புறம் என்ன அளவு, என்ன டேப்பு?

இன்னொன்றும் கேட்கிறேன், சண்டைக்கு இல்லை. அங்கே ஒரு நாடே சேர்ந்து கட்டியது, தலைநகரம் என்பதால். நம்ம தோட்டத்து லயம் யாருடைய தலைநகரம்? 1948இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கக் காரணமான கொலைகள் நடந்தது உங்கள் சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில்தான். பள்ளிப் புத்தகத்தில் ஊர் பெயர் வருகிறது. பெயர் வந்து என்ன, லயம் நின்றதா? அளந்து வைத்திருந்தாலும் நம்மவர்களுக்கு யாரும் கட்டித் தந்திருக்க மாட்டார்கள்.


விஸ்துலாக் கரை எழுதியது:

வணக்கம். நான் வார்சாவில் படிக்கிறேன், சொந்த ஊர் பாகான் டத்தோ பக்கம். பழைய நகரம் தினமும் நடந்து போகிற வழி என்பதால் இரண்டொன்று சேர்க்கிறேன்.

கனலெட்டோ விஷயம் பாதி சரி. ஆள் பெயர் பெர்னார்டோ பெல்லோட்டோ. நிஜக் கனலெட்டோ இவருடைய தாய்மாமன், மாமன் பெயரை இவரும் வைத்துக்கொண்டார். 1770களில் போலந்து அரசருக்காக வார்சாவின் தெருக்களை வரைந்தார். அரண்மனைப் பக்கத்துப் பெரிய தெருவைக் கட்டும்போது அந்தப் படங்கள் உதவின. அழகுக்காக அவர் மாற்றி வரைந்ததும் சில கட்டடங்களில் அப்படியே ஏறிவிட்டது, அதைச் சொல்லி இங்கே சிரிப்பார்கள். சதுக்கத்து வீடுகளுக்கு ஐயா சொன்ன அளவுப் படங்கள்தான் முக்கியம். பெல்லோட்டோவின் ஓவியங்கள் இப்போது அரண்மனைக்குள் ஒரு கூடத்தில் மாட்டியிருக்கின்றன.

ஐயா எழுதியதில் ஒன்றை மட்டும் நான் வேறுமாதிரி சொல்வேன். காகிதம் மட்டும் போதவில்லை. 1945 அக்டோபரில் ஒரு சட்டம் போட்டு வார்சா நகரத்து நிலம் மொத்தத்தையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதனால்தான் யாரையும் கேட்காமல் வரிசை வரிசையாகக் கட்ட முடிந்தது. பழைய உரிமையாளர்களின் பேரப்பிள்ளைகள் பல பத்தாண்டு கழித்தும் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். செங்கல் கதை இன்னும் மோசம். விரோட்ஸ்வாஃப் போன்ற மேற்கு நகரங்கள் போருக்கு அப்புறம் ஜெர்மனியிடமிருந்து போலந்துக்கு வந்தன. அங்கே இடிந்த கட்டடங்களோடு நன்றாக நின்ற கட்டடங்களையும் பிரித்துச் செங்கல்லை வார்சாவுக்கு அனுப்பினார்கள். சதுக்கத்துக்கு வடக்கே பார்பிகன் என்று ஒரு வட்டக் கோட்டை வாசல் இருக்கிறது, அதில் இருக்கிற செங்கல்லே நிஸா, விரோட்ஸ்வாஃப் ஊர்களிலிருந்து வந்தது. அந்த வாசலில் சாய்ந்துகொண்டுதான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள்.

இன்னொரு வித்தியாசம், முகப்பு மட்டும்தான் பழைய மாதிரி. வீட்டின் பின்பக்கம் கசகசவென்று இருந்த கொல்லைக் கட்டடங்களைத் திரும்பக் கட்டவில்லை. வெளிச்சம் வரட்டும் என்று முற்றமாக விட்டு, உள்ளே புது அளவில் வீடுகள் பிரித்து மக்களைக் குடிவைத்தார்கள். இன்றும் மேல் மாடிகளில் ஆள் குடியிருக்கிறார்கள், ஜன்னலில் பூந்தொட்டி பார்ப்பீர்கள். 1980இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது பழமைக்காகச் சேர்க்கவில்லை, திரும்பக் கட்டிய வேலைக்காகத்தான் சேர்த்தார்கள். டூப்ளிகேட் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அக்கா, அம்மாவின் முட்டிக்கு வருகிறேன். டிராமில் ஸ்டாரே மியாஸ்டோ என்ற நிறுத்தத்தில் இறங்குங்கள். அது பள்ளத்தில் இருக்கிறது, அரண்மனை மேட்டில் இருக்கிறது. படி ஏற வேண்டாம், பக்கத்திலேயே ஒரு கட்டடத்துக்குள் நகரும் படிக்கட்டு இருக்கிறது. 1949இல் சோவியத் நாட்டிலிருந்து வந்தது, இந்த ஊரின் முதல் நகரும் படி. பிறகு புதுப்பித்தார்கள். மேலே ஏறினால் நேராக அரண்மனை வாசல், 1644இல் நட்ட அரசர் சிகிஸ்முந்த் தூண். அந்தத் தூணும் 1944இல் விழுந்தது, பழைய கல் துண்டுகள் அரண்மனைச் சுவரோரம் படுத்துக் கிடக்கும். பிள்ளைகள் ஏறி விளையாடுவார்கள்.

அங்கிருந்து சதுக்கம் ஐந்து நிமிட நடை. அம்மாவுக்குப் பத்து என்று வையுங்கள். வழி முழுக்கக் கருங்கல் பாவியது, மேடு பள்ளம். பாட்டா செருப்பு வேண்டாம், தட்டையான அடியோடு பிடித்துக்கொள்கிற காலணி. சதுக்கம் பெரிதில்லை, 90க்கு 73 மீட்டர், ஒரு பந்துத் திடலைவிடச் சின்னது. பெஞ்சு உண்டு. போகிற வழியில் அர்ச். யோவான் பேராலயத்தின் பக்கச் சுவரைப் பாருங்கள், ஜெர்மன் வெடிவண்டியின் இரும்புச் சங்கிலிப் பட்டை ஒன்றைச் சுவரிலேயே பதித்து வைத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை போகாதீர்கள், அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். சதுக்கத்தின் வடக்கு வரிசையில் பதினொரு வீடுகளைச் சேர்த்து வார்சா அருங்காட்சியகம். நடுவில் நிற்கிற கடற்கன்னி நகல், 1855இல் செய்த அசல் சிலை அதற்குள் பத்திரமாக இருக்கிறது. பட்டணத்துச் சின்னமே அந்தக் கன்னிதான்.

சாப்பாடு: சதுக்கத்துக் கடைகளில் உட்கார்ந்தால் பர்ஸ் அழும். பார்பிகன் பக்கம் ஒரு 'பால் பார்' இருக்கிறது. கம்யூனிஸ்ட் காலத்துச் சாப்பாட்டுக் கடை மாதிரி, நாமே தட்டை வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும், விலை மலிவு. ஒரு ஸ்லோட்டி நம்ம ஒரு வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே. பியெரோகி கேளுங்கள், அதில் 'ருஸ்கியே' என்பது உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து வேகவைத்தது. கவனம், மேலே பன்றிக் கொழுப்பை வறுத்துத் தூவிவிடுவார்கள். 'பெஸ் ஸ்க்வாரெக்' என்று சொல்லிவிடுங்கள், கைபேசியில் எழுதிக் காட்டினாலும் போதும். புரட்டாசிக்கு அதுவும் மனம் ஒப்பவில்லையென்றால் நகரத்தில் இந்தியக் கடைகள் நிறைய வந்துவிட்டன. செப்டம்பர் கடைசியில் காலையில் பத்து டிகிரி கூட இருக்காது, அம்மாவுக்கு மேல்கோட்டு வேண்டும்.


பால்மரக்காடு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சுண்ணாம்புச்சட்டி ஐயா எழுதியதை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கீறி எடுக்கிற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி இன்னொரு தடவை கேட்டார். "பட்டை உரிக்கிறதும் அப்படித்தான், ஆழமாப் போனா மரம் காயம், மேலாக்கப் போனா பால் வராது" என்றார். பிறகு தார் அடித்த கதை வந்தபோது, "இது எந்தத் தோட்டத்து ஆளு, கேளு" என்று ஒரே நச்சரிப்பு. அம்மா இருந்தது லிந்தாங் ரோட்டுப் பக்கம். அங்கேயும் கதவு கரும்பச்சைதான்.

இன்னும் இரண்டு சந்தேகம். கட்டியவர்கள் வேலை செய்கிற படங்கள் எங்காவது பார்க்கக் கிடைக்குமா? அம்மாவுக்குச் சாரம் எதில் கட்டினார்கள் என்று தெரிய வேண்டுமாம், நம்ம ஊர் மாதிரி மூங்கிலா என்று. அப்புறம், சதுக்கத்தில் உட்கார்ந்து பார்க்க எந்த நேரம் நல்லது?


விஸ்துலாக் கரை எழுதியது:

படங்கள் கிடைக்கும். சதுக்கத்துக்குப் பின்னால் பிஷோசோவா தெருவில் பாரம்பரிய விளக்க மையம் என்று ஒன்று இருக்கிறது, மறுகட்டுமானத்துக்கு என்றே வைத்தது. சின்ன இடம், கீழ்த்தளத்தில் செங்கல் அடுக்குகிறவர்கள், இடிபாட்டை வண்டியில் அள்ளுகிறவர்கள், பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கொடுப்பது எல்லாம் படமாக உண்டு. சாரம் மரக்கட்டை, அக்கா. இங்கே மூங்கிலுக்கு எங்கே போவது!

நேரம்: காலை ஒன்பதுக்குள் போனால் சதுக்கம் உங்களுக்குத்தான். பத்தரைக்கு மேல் குடை பிடித்த வழிகாட்டிகள் கூட்டத்தோடு வந்துவிடுவார்கள். மையத்திலிருந்து வெளியே வந்தால் நாலு அடியில் விஸ்துலா ஆறு தெரிகிற ஒரு மேடு. பேர் க்னோய்னா கூரா, ஒரு காலத்தில் ஊர்க் குப்பையும் சாணமும் கொட்டிய மேடு. இப்போது காதலர்கள் கைகோத்து நிற்கிறார்கள். அம்மா அங்கே கொஞ்சம் உட்காரலாம், காற்று நன்றாக வரும்.


சுண்ணாம்புச்சட்டி எழுதியது:

விஸ்துலாத் தம்பி, செங்கல் சங்கதி எனக்குத் தெரியாதது. ஓர் ஊரைப் பிரித்து இன்னோர் ஊரைக் கட்டியிருக்கிறார்கள். அடுத்த தடவை அந்த வாசலில் நிற்கும்போது கொஞ்சம் தள்ளி நிற்பேன்.

ஈப்போ தம்பி கேட்டது நியாயமான கேள்வி, லயம் யாருடைய தலைநகரம் என்று. கட்டித் தரச் சொல்லி நான் யாரிடமும் கேட்கவில்லை. யாருக்கு வேண்டும் பத்தடிக்குப் பத்தடி அறையும் பொதுக் கக்கூசும்? ஆனால் எங்கே எது இருந்தது என்று என் பேரனுக்குக் காட்ட ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான். வார்சாவிலிருந்து வந்த பிறகு நாங்கள் அந்த வேலையை ஆரம்பித்தோம். கோயில் திருவிழாவுக்குப் பழைய லயத்து ஆட்கள் வருவார்கள் அல்லவா, அன்னதானம் முடிந்ததும் நாலைந்து கிழங்களை உட்கார வைத்துப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போடச் சொன்னோம். பம்பு வீட்டுத் தளம்தான் நிலையான புள்ளி, அங்கிருந்து எண்ண வேண்டும். கதவு அகலம் தெரியும், ஏனென்றால் ஒரு கதவுப் பலகையை நான் எடுத்து வந்து இன்றும் என் கொட்டகையில் மேசையாகப் போட்டிருக்கிறேன், இரண்டடி எட்டு அங்குலம். ஒரு வீட்டுக்கு ஒரு கதவு, இரண்டு ஜன்னல் என்று வைத்தால் வரிசை நீளம் வந்துவிடும். தண்ணீர்க் குழாய் மூன்றாவது வரிசை முனையில் இருந்ததா நாலாவதிலா என்று இன்னும் சண்டை. ஒரு அக்கா, "குழாயடியில்தான் எனக்கு முதல் சண்டையே, எனக்குத் தெரியாதா" என்று மூன்றாவதில் விரலை வைத்து அழுத்திவிட்டார். நாங்கள் பென்சிலில்தான் போடுகிறோம்.

தங்கச்சி, தோட்டத்துப் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், இங்கே போட்டால் பழைய வழக்கு ஒன்று கிளம்பும். லிந்தாங் ரோட்டுப் பக்கம் என்றால் நம்ம தோட்டத்துக்கு அடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரு கிணறு இருந்தது என்கிறார்கள் சிலர், இல்லவே இல்லை என்கிறார்கள் சிலர். விமானம் ஏறுவதற்கு முன்னால் அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள், முடிந்தால் பம்பு வீட்டிலிருந்து எத்தனை எட்டு வைத்து நடக்க வேண்டும் என்றும்.


பால்மரக்காடு எழுதியது:

கேட்டுவிட்டேன் ஐயா. கிணறு உண்டாம். ஆனால் பம்பு வீட்டுப் பக்கம் இல்லை, ஆயாக்கொட்டகைக்குப் பின்னாலாம். எட்டுக் கணக்கு இங்கிருந்து சொல்ல முடியாது, நேரில் வந்து நடந்து காட்டுகிறேன் என்கிறார். போலந்திலிருந்து வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள், கூட்டி வருகிறேன். அந்தக் காலண்டர் தாளையும் எடுத்து வாருங்கள், குழாய் எந்த வரிசை என்பதிலும் அம்மாவுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கிறது.